புள்ளிகள் கடைசியில் வரட்டும்

ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி ஆகிய மூன்று ஊர்களுக்கும் அடிக்கடி போய்வருகிறவர்கள் மூன்று விதமான புள்ளிகளைக் கடந்து போகிறார்கள். ஆவடி ரயில் நிலையத்தின் அறிவிப்புப் பலகையில் வண்டியின் பெயரை எழுதிக் காட்டுபவை ஒளிப்புள்ளிகள். 1964ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற அம்பத்தூர் தொழிற்பேட்டையில், கார்பன் வைத்து மூன்று நகல் எடுக்க வேண்டிய இடங்களில், கறகறவென்று ஓசையிட்டுக்கொண்டு பில் அடிக்கும் அச்சுப்பொறிகள் இன்றும் உண்டு. அவை தாளில் வைப்பவை மைப்புள்ளிகள். பூந்தமல்லியிலோ பார்வையற்றோருக்கான அரசு மேல்நிலைப் பள்ளி இருக்கிறது. பிரெய்ல் நூல்களை அச்சிட்டுத் தரும் மண்டல அச்சகமும் அவ்வூரில் இருக்கிறது. அந்த நூல்களின் தாளில் இருப்பவை மேடாக எழும்பி நிற்கும் புள்ளிகள். விரலால் படிக்க வேண்டியவை.

ஒரே சொல்லை மூன்று பொறிகள் மூன்று விதமாகக் காட்டுகின்றன. அப்படியானால் அந்தச் சொல் உண்மையில் எங்கே இருக்கிறது? திரையிலா? தாளிலா? மாணவ நண்பர்களே, இந்தக் கேள்விக்கு நான் பல ஆண்டுகள் தவறான விடையை வைத்துக்கொண்டே பிழைப்பு நடத்தியிருக்கிறேன். நிரல் எழுதுவது என் தொழிலாக இருந்தது. இன்று உங்களில் பலர் பள்ளியிலேயே நிரல் எழுதப் பழகுகிறீர்கள். ஆகவே என் தவற்றை உங்களிடம் சொல்லிவிடுவது நல்லது.

முதலில் நகைப்புக்குரிய தவறு. அம்பத்தூர்ப் பக்கம் ஒரு சிறு தொழிற்கூடத்துக்குப் பில் அடிக்கும் நிரல் ஒன்றை எழுதிக் கொடுத்தேன். திரையில் பார்க்க அழகாக இருந்தது. 7 அங்குல அகலத்துக்கு ஒரு கட்டம். அதற்குள் பொருள், எண்ணிக்கை, விலை. திரையில் ஓர் அங்குலத்துக்கு 96 புள்ளிகள் என்பது அந்தக் கணிப்பொறியின் கணக்கு. எனவே 7ஐ 96ஆல் பெருக்கி, ‘672 புள்ளி அகலத்துக்குக் கட்டம் போடு’ என்று நிரலில் எழுதிவிட்டேன். பிறகு அவர்கள் புதிதாக லேசர் அச்சுப்பொறி வாங்கினார்கள். அதற்கு அங்குலத்துக்கு 300 புள்ளிகள். நான் சொன்னபடியே அதுவும் 672 புள்ளிகளை எண்ணி வைத்தது. கட்டத்தின் அகலம் இரண்டேகால் அங்குலத்துக்குள் அடங்கிவிட்டது. தாளின் மூலையில் அது ஒட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்து, “என்ன சார் இது, பில்லா, தபால் தலையா?” என்று கேட்டார் முதலாளி.

பொறியின் மேல் குற்றமில்லை. நான் சொல்ல விரும்பியது ‘7 அங்குலம்’. சொன்னதோ ‘672 புள்ளி’. திருத்தம் எளிது. நிரலில் அங்குலத்தையோ மில்லிமீட்டரையோ மட்டும் எழுத வேண்டும். அச்சிடும் வேளை வரும்போது, எதிரே இருக்கும் பொறியிடம் ‘உனக்கு அங்குலத்துக்கு எத்தனை புள்ளி?’ என்று கேட்க வேண்டும். அது 300 என்றால் 2100 புள்ளி. 600 என்றால் 4200 புள்ளி. திரை என்றால் அதே 672. கணிப்பொறியின் இயக்க முறைமையே இந்தக் கேள்வியைக் கேட்டுச் சொல்லும் வசதியை வைத்திருக்கிறது. எனக்குத்தான் கேட்கத் தோன்றவில்லை.

ஓர் ஏ4 தாளை 300 புள்ளிக் கணக்கில் நிரப்புவதென்றால், குறுக்கே 2480, நெடுக்கே 3508; ஏறத்தாழ 87 லட்சம் புள்ளிகள். 600 என்றால் 3 கோடியே 48 லட்சம்! இத்தனையையும் யாரும் எண்ணி எழுதப் போவதில்லை. எழுத்தின் வெளிக்கோட்டை வளைவுகளாகக் குறித்து வைத்திருக்கிறது எழுத்துருக் கோப்பு. அந்த வளைவுக்குள் எந்தெந்தப் புள்ளி விழும் என்று கடைசி நொடியில் கணக்கிட்டு நிரப்புவது பொறியின் வேலை.

இனி நகைப்புக்கு இடமில்லாத தவற்றுக்கு வருகிறேன்.

‘கோ’ என்ற எழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வாயால் சொல்லும்போது முதலில் க் என்ற மெய். பிறகு ஓ என்ற உயிர். தாளில் எழுதும்போதோ முதலில் இரட்டைச் சுழிக் கொம்பு, நடுவில் க, கடைசியில் கால். ஈய எழுத்துகளை அச்சுக் கோத்தவர்கள் இந்த மூன்று துண்டுகளையும் பெட்டியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து, கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே அடுக்கினார்கள். தாளில் மை ஒட்டினால் அவர்கள் வேலை முடிந்தது. அவர்களுக்கு அது போதும்.

கணிப்பொறியில் தமிழ் நுழைந்தபோது நாங்களும் அந்தப் பெட்டியையே அப்படியே உள்ளே கொண்டுபோய் வைத்தோம். அன்று ஓர் எழுத்துருவில் இருந்தவை 256 இடங்கள். அவற்றிலும் ஒரு பகுதிதான் பயன்படும். ஆங்கில எழுத்துகளின் இடங்களில் தமிழ்த் துண்டுகளின் படங்களை உட்காரவைத்தோம். ஈழத்திலும் புலம்பெயர்ந்த தமிழரிடையேயும் பெரிதும் வழங்கிய பாமினி எழுத்துருவைப் பாருங்கள். அதில் ஜே என்ற ஆங்கில எழுத்தின் இடத்தில் இருப்பது த. கே இடத்தில் ம. பி இடத்தில் இகரக் கொக்கி. ஓ இடத்தில் ழ. அரைப்புள்ளியின் இடத்தில் மெய்ப்புள்ளி. ஆக, ‘தமிழ்’ என்று திரையில் அழகாகத் தெரியும் சொல், கணிப்பொறியின் நினைவில் ‘ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி’ என்றே இருக்கும். எழுத்துருவை எடுத்துவிட்டால் தமிழும் போய்விடும். இப்படிப்பட்ட எழுத்துருக்கள் ஒன்றிரண்டல்ல, பல டஜன். ஒன்றின் இட அமைப்பு மற்றொன்றுக்குப் பொருந்தாது.

எனக்கு அது உறுத்தவில்லை. தாளில் சரியாக விழுகிறதல்லவா? பிறகென்ன? மாணவர்களுக்காக நான் எழுதிய அறிவியல் கட்டுரைகள் அனைத்தையும் அந்த எழுத்துருவிலேயே சேர்த்து வைத்தேன்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் தெருவுக்குக் குடிவந்த குடும்பத்தில் ஒரு மாணவர் இருந்தார். பிறவியிலேயே பார்வையில்லை. மேல்நிலை வகுப்பில் படித்துக்கொண்டிருந்தார். திரையில் உள்ளதை உரக்கப் படித்துக் காட்டும் திரைவாசிப்பான் ஒன்றைக் கணிப்பொறியில் வைத்துக்கொண்டு வேகமாக வேலை செய்வார். என்.வி.டி.ஏ. என்பது அதன் பெயர். ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கர்ரன் என்ற பார்வையற்ற இளைஞர் 2006இல் எழுதத் தொடங்கிய நிரல் அது. எவரும் விலையின்றிப் பெறலாம். “உங்கள் கட்டுரைகளைக் கொடுங்கள் சார், படித்துவிட்டுத் தருகிறேன்” என்று கேட்டார். பெருமையோடு எல்லாவற்றையும் நகலெடுத்துக் கொடுத்தேன்.

மறுநாள் வந்தார். “சார், உங்கள் கட்டுரை ஜே-கே-பி-ஓ என்று தொடங்குகிறது. இது பாமினிதானே?” என்றார்.

“உனக்கு எப்படித் தெரியும் தம்பி?” என்றேன்.

“எத்தனை தடவை கேட்டிருக்கிறேன் சார்! அதில் ‘தமிழ்’ என்றால் இப்படித்தான் ஒலிக்கும். இந்த ஒரு சொல் எனக்கு மனப்பாடம். மற்றவை தெரியாது” என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அத்தனைக் கட்டுரைகளில் அவர் படித்தது அந்த ஒரு சொல்லைத்தான்.

‘திரையில் தெரிவதைத்தானே அந்த நிரல் படிக்கிறது? திரையில் தமிழ்தானே தெரிகிறது?’ என்று நீங்கள் கேட்கலாம். திரையில் இருப்பது எழுத்தன்று, நிறப் புள்ளிகள். பழைய டாஸ் காலத்தில் நிலைமை வேறு. அப்போது திரைக்கு 25 வரி, வரிக்கு 80 எழுத்து. மொத்தம் 2000 எழுத்துகள். எழுத்துக்கு ஒன்று, அதன் நிறத்துக்கு ஒன்று என 4000 பைட்டு நினைவில் அவை எழுத்தாகவே உட்கார்ந்திருக்கும். திரைவாசிப்பான் அங்கே போய் நேரே எடுத்துப் படித்துவிடும். படம் காட்டும் திரைகள் பரவியபின் எழுத்தும் கோடும் படமும் எல்லாம் ஒரே புள்ளிக் கடலில் கரைந்துவிட்டன. 1987இல் வந்த வி.ஜி.ஏ. திரையில் 640க்கு 480 என 3 லட்சத்து 7 ஆயிரத்து 200 புள்ளிகள். அவற்றில் எது க, எது கோடு? பார்வையுள்ளவர்கள் ‘ஆகா, என்ன அழகு’ என்று வியந்துகொண்டிருந்த வேளையில், பார்வையற்றவர்களுக்குத் திரை ஒரேயடியாக மூடிக்கொண்டது.

அதைத் திறக்க ஒரு தந்திரம் செய்தார்கள். நிரல் ‘இந்தச் சொல்லை இந்த இடத்தில் எழுது’ என்று கட்டளை இடுகிறதல்லவா? அந்தக் கட்டளை புள்ளிகளாகக் கரைவதற்கு முன்பே திரைவாசிப்பான் குறுக்கே நின்று ஒட்டுக் கேட்டுக் குறித்துக்கொண்டது. பிற்பாடு, நிரல்களே தம்மிடம் உள்ள சொற்களைத் திரைவாசிப்பானுக்கு முறையாகச் சொல்லும் ஏற்பாடுகள் வந்தன. எந்த வழியானாலும் ஒரு நிபந்தனை உண்டு: சொல், சொல்லாக இருக்க வேண்டும். என் கட்டுரையில் கட்டளையே ‘ஜே, கே, பி, ஓ’ என்றுதான் இருந்தது. ஒட்டுக் கேட்டு என்ன பயன்?

பிரெய்லுக்கு வந்தால் இது இன்னும் தெளிவாக விளங்கும். ஒரு பிரெய்ல் கட்டத்தில் இரண்டு நெடுவரிசையாக 6 புள்ளிகள். ஒவ்வொன்றும் எழும்பியிருக்கலாம், இல்லாதிருக்கலாம். எனவே வெற்றுக் கட்டத்தையும் சேர்த்து 64 வடிவங்கள். இந்திய மொழிகள் அனைத்துக்கும் பொதுவான பாரதி பிரெய்ல் முறை 1951இல் ஏற்கப்பட்டது. அதில் க என்பது 1, 3 ஆகிய புள்ளிகள். ஓ என்பது 1, 3, 5. ‘கோ’ என்று எழுத இந்த இரண்டு கட்டங்களே போதும். முதலில் க, அடுத்து ஓ. கொம்பும் இல்லை, காலும் இல்லை. வாய் சொல்லும் வரிசையே விரல் படிக்கும் வரிசை. பிரெய்லை வகுத்தவர்கள் எழுத்தின் உருவத்தை விட்டுவிட்டு எழுத்தையே பிடித்துக்கொண்டார்கள். கணிப்பொறிக்காரர்களாகிய நாங்கள் செய்தது அதற்கு நேர்மாறு.

‘படத்தையே மேட்டுப்புள்ளியாக அச்சிட்டால் என்ன?’ என்று என்னிடம் ஒருவர் கேட்டார். ஒரு சிறு கணக்குப் போடுவோம். நூல்களில் வரும் 12 பாயின்ட் எழுத்தின் அளவு ஓர் அங்குலத்தில் ஆறில் ஒரு பங்கு. 600 புள்ளி அச்சுப்பொறியில் அதன் உயரத்துக்கு 100 புள்ளிகள் கிடைக்கும். 96 புள்ளித் திரையில் 16. பிரெய்லில் அடுத்தடுத்த புள்ளிகளுக்கு இடையே சுமார் இரண்டரை மில்லிமீட்டர் விட வேண்டும். நெருக்கினால் விரலுக்குப் பிரித்தறிய வராது. ஆகவே அங்குலத்துக்கு 10 புள்ளிதான். நம் எழுத்துக்குக் கிடைப்பது இரண்டு புள்ளிகூட இல்லை! 100 புள்ளியில் வரைந்த படத்தை இரண்டு புள்ளிக்குள் சுருக்க எந்த வித்தைக்காரராலும் முடியாது. ஆனால் ‘இது கோ’ என்ற செய்தி கையில் இருந்தால் இரண்டு சிறு கட்டங்களில் அதைச் சொல்லிவிடலாம்.

அங்குலத்தை எழுதாமல் 672 என்று எழுதிய அதே ஆள்தான், எழுத்தை எழுதாமல் அதன் படத்தைச் சேர்த்து வைத்தவனும். முதல் தவற்றில் ஒரு பில் சுருங்கியது. இரண்டாவதில் ஒரு மாணவருக்கு அத்தனைக் கட்டுரைகளும் இல்லாமற் போயின.

அன்றைய எழுத்துருக்களை ஆக்கியவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். அன்று அச்சுப்பொறி தன் உள்ளே வைத்திருந்தது ஆங்கில எழுத்துகளை மட்டுமே. ஆங்கிலத்தில் ஒரு வரி அடிக்க 80 பைட்டு அனுப்பினால் போதும். தமிழில் அடிக்க வேண்டுமானால் வரியையே படமாக மாற்றி, ஊசிகளின் ஒவ்வொரு நெடுவரிசைக்கும் ஒரு பைட்டு வீதம், 8 அங்குலத்துக்கு 480 பைட்டு அனுப்ப வேண்டும். கொம்பையும் சுழியையும் காட்ட ஒரே ஓட்டம் போதாமல், அச்சுத்தலை அதே வரியின் மேல் மறுபடியும் ஓட வேண்டும். இத்தனைத் தடைகளையும் தாண்டித் தமிழைத் தாளில் கொண்டுவந்தவர்கள் அவர்கள். 1999இல் சென்னையில் கூடிய தமிழ்நெட் மாநாட்டில், ஆளுக்கொன்றாக இருந்த எழுத்துருக்களை ஓர் ஒழுங்குக்குள் கொண்டுவரவும் முயன்றார்கள்.

ஆனால் அந்தக் காலம் கடந்து வெகு நாளாகிவிட்டது. உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான யூனிகோடில் 1991இலேயே தமிழுக்குத் தனி இடம் கிடைத்துவிட்டது. அதில் ‘கோ’ என்பது வாய் சொல்லும் வரிசையில், க, அதையடுத்து ஓகாரக் குறி என்று இருக்கும். ஓகாரக் குறியை இரண்டாகப் பிளந்து, கொம்பை முன்னால் கொண்டுபோய் நிறுத்தும் வேலையைத் திரையில் எழுதும் பகுதி பார்த்துக்கொள்கிறது. விண்டோஸ் 2000 முதல் இது நம் வீட்டுக் கணிப்பொறிகளில் நடந்து வருகிறது. 2010இல் தமிழக அரசும் யூனிகோடைத் தரமாக ஏற்றது. அச்சுப் பக்கம் அமைக்கும் பெரிய மென்பொருள்களுக்குத் தமிழ் யூனிகோடு சரியாக வராமல் இருந்தது உண்மைதான். 2012இல் இன்டிசைனிலும் அந்தக் குறை நீங்கிவிட்டது. இனியும் ‘தாளில் சரியாக விழுகிறதே’ என்று சொல்லிக்கொண்டு பழைய எழுத்துருவில் விழா மலரையும் வினாத்தாளையும் அடிப்பதற்கு, பழக்கம் என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

‘படத்திலிருந்து எழுத்தைக் கண்டுபிடிக்கும் நிரல்கள் வந்துவிட்டன, அவை பார்த்துக்கொள்ளும்’ என்று இப்போது சொல்கிறார்கள். உண்மைதான், பழைய நூல்களுக்கு அவை பெரிய வரம். ஆனால் கையிலிருந்த நெல்லை வைக்கோற்போரில் எறிந்துவிட்டு, பிறகு கூலிக்கு ஆள் வைத்துத் தேடுவானேன்? அதிலும் தமிழில் ஒரு சிக்கல் உண்டு. ‘ர’வும் துணைக்காலும் பல எழுத்துருக்களில் ஒன்றுபோலவே இருக்கும். சிலர் தட்டும்போதே காலுக்குப் பதில் ரகரத்தைப் போட்டுவிடுகிறார்கள். கண்ணுக்கு ‘மா’ என்றே தெரியும். யாரும் குறை காண மாட்டார்கள். பிரெய்லில் ர என்பது 1, 2, 3, 5. ஆகாரம் 3, 4, 5. விரலுக்கு அது ‘மர’. மாம்பழம் ‘மரம்பழம்’ ஆகிவிடும்!

உங்களிடம் தமிழ்ப் பி.டி.எஃப். கோப்பு ஏதேனும் இருந்தால் இன்றே ஒரு சோதனை செய்யுங்கள். ஒரு பத்தியை நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டிப் பாருங்கள். 1993இல் பிறந்த அந்தக் கோப்பு முறை, தாளில் எந்த வடிவம் எந்த இடத்தில் என்பதைக் கச்சிதமாக நினைவில் வைக்கும். எந்த எழுத்து என்பதைக் கூடவே எழுதி வைத்தால்தான் உண்டு. ஒட்டிய இடத்தில் கொம்பும் காலும் சிதறிக் கிடந்தால், அந்தக் கோப்பைப் பார்வையற்ற ஒருவர் படிக்க முடியாது என்று அறிந்துகொள்ளலாம். அதை ஆக்கியவரிடம் போய்ச் சொல்லுங்கள். பள்ளி மலரின் பதிப்பாசிரியரோ தெருமுனை டி.டி.பி. கடைக்காரரோ யாராயிருந்தாலும் சொல்லுங்கள். பெரும்பாலும் அவருக்கு இது தெரிந்திருக்காது, எனக்கே தெரியாதிருந்ததுதானே? நீங்களே நிரல் எழுதுகிறவராயின், பெயரையும் மதிப்பெண்ணையும் படமாக்கிச் சேமிக்காதீர்கள். எழுத்தாகச் சேமியுங்கள், காட்டும்போது மட்டும் படமாக்குங்கள்.

என் கட்டுரைகள் என்னவாயின? எழுத்துரு மாற்றும் நிரல் ஒன்றில் போட்டேன். தமிழ் பெரும்பாலும் சரியாக வந்தது. ஆனால் நடுநடுவே ஆங்கில எழுத்தில் இருந்த வேதியியல் குறியீடுகளையும் அது தமிழென்று எண்ணி மாற்றிவிட்டது. எது தமிழாக இருந்த ஆங்கில எழுத்து, எது ஆங்கிலமாகவே இருந்த ஆங்கில எழுத்து என்று அதற்கு எப்படித் தெரியும்? வரி வரியாக உட்கார்ந்து நானே திருத்தினேன். கோடை விடுமுறை முழுவதும் அதற்கே சரியாகப் போயிற்று. ஒவ்வொரு கட்டுரை முடிந்ததும் அந்த மாணவரிடம் கொடுப்பேன். ஒரு மாதம் கழித்து ஒரு நாள் வாசலில் வந்து நின்றார்.

“சார், மழையைப் பற்றிய கட்டுரையில் ஒரு பெயர் வருகிறதே, யார் அந்த ஒளவையார்?” என்று ‘ள’வை அழுத்திக் கேட்டார்.

எனக்கு உடனே புரியவில்லை. போய்ப் பார்த்தேன். ‘ஔ’ என்று ஓரெழுத்தாக இருக்க வேண்டிய இடத்தில் ஒ, ள என்று இரண்டு எழுத்துகளைத் தட்டியிருந்தேன். அந்தக் கட்டுரையை அச்சில் எத்தனையோ பேர் படித்திருக்கிறார்கள். ஒருவரும் சொன்னதில்லை.